தூளில் பளிச்சென்று சிவப்பு, ஓலெட்டில் நீலம்: யூரோப்பியம், தேர்பியம் சேர்வைகள் பற்றி உதவி தேவை

கலஹா_சாரல்:

எல்லாருக்கும் வணக்கம். இறுதியாண்டு ஆய்வுக்கு யூரோப்பியம்–டிடிஏ–பெனந்த்ரோலின் சேர்வையை எடுத்திருக்கிறோம் (யூரோப்பியம் ஓர் அருமண் உலோகம்; டிடிஏ என்பது தெனோயில்டிரைபுளோரோஅசற்றோன்). 365 நனோமீற்றர் யூவி டோர்ச்சுக்குக் கீழே தூள் கண் கூசுகிற சிவப்பு. சிக்கல் அதற்குப் பிறகுதான்.

அதே டிடிஏயைத் தேர்பியம் என்ற இன்னோர் அருமண் உலோகத்தோடு சேர்த்த தூளில் பச்சை அனேகமாக இல்லை. இருட்டறையில் உற்றுப் பார்த்தால் மட்டும் மங்கலாகத் தெரிகிறது. யூரோப்பியம் சேர்வையைப் பிஎம்எம்ஏ பொலிமரோடு டிஎச்எஃப் (டெட்ராஐதரோபியூரன்) கரைப்பானில் கரைத்துக் கண்ணாடியில் சுழற்றிப் பூசினால் படலம் வெள்ளை பூக்கிறது. ஒரு தொகுதித் தூள் குளோரோபென்சீனில் முழுக்கக் கரையவே இல்லை, கலங்கலாக நிற்கிறது.

ஓலெட்டின் (கரிம ஒளிகாலும் டயோட்டின்) அமைப்பு: ஐடிஓ (மின்கடத்தும் ஒளிபுகு பூச்சு) கண்ணாடி, மேலே பெடாட்:பிஎஸ்எஸ் என்ற கடத்தும் பொலிமர், அதன்மேல் பிவிகே (நேரேற்றம் கடத்தும் பொலிமர்)–பிபிடி (இலத்திரன் கடத்தி) 70:30 கலவையில் 5 வீதம் யூரோப்பியம் சேர்வை, பிறகு லித்தியம் புளோரைட்டு, அலுமினியம். 9 வோல்ற் அளவில் சிவப்பு தெரிகிறது. 13, 14க்குப் போனால் நீலம் கலந்து ஊதாவாகிவிடுகிறது.

குளோவ் பொக்ஸ் (காற்றும் ஈரமும் புகாத வேலைப் பெட்டி) கிடையாது. வேலை எல்லாம் திறந்த மேசையில், கண்டிக்கு மேலே மலைப் பக்கம். எங்கிருந்து சரிபண்ணத் தொடங்குவது?

ஹந்தானை_மேகம்:

நீங்கள் சொன்ன நாலும் நாலு வேறு கோளாறு. ஒன்றைத் திருத்தினால் மற்றது தானாகத் திருந்தாது. தேர்பியத்தை நான் எடுக்கிறேன், இணையியை (டிடிஏ போல உலோக அயனோடு பிணையும் மூலக்கூறை) தேர்ந்தெடுப்பதன் அடிப்படை அதில்தான் இருக்கிறது.

இந்த அயன்கள் நேரடியாக ஒளியை உறிஞ்சுவது மிகக் குறைவு. எஃப்–எஃப் தாண்டல்கள் (எஃப் ஓடங்களுக்குள்ளேயே இலத்திரன் தாவுவது) லப்போட் தேர்வு விதியால் தடைபட்டவை. மூலர் உறிஞ்சுதிறன் பெரும்பாலும் 10ஐக்கூட எட்டாது. ஆகவே ஒளியை வாங்கும் வேலை இணையியினுடையது. அது அருட்டிய ஒற்றை நிலையிலிருந்து மும்மை நிலைக்கு (இரண்டு இலத்திரன்களின் சுழற்சி ஒரே திசையில் உள்ள, சக்தி குறைந்த நிலைக்கு) மாறி, அங்கிருந்து சக்தியை அயனுக்குக் கொடுக்கிறது. இணையி ஊடாக யூரோப்பியம் ஒளிர்வதை 1942இலேயே வைஸ்மன் காட்டிவிட்டார். எனவே இணையியைப் பற்றி முதலில் கேட்க வேண்டியது, அதன் மும்மை நிலை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதே.

டிடிஏயின் மும்மை நிலை ஏறத்தாழ 20,500 செ.மீ⁻¹ (இங்கே இது சக்தியின் அலகு). யூரோப்பியம் ஒளிரும் ⁵டி₀ மட்டம் 17,250 அளவில். இடைவெளி 3,000ஐத் தாண்டுகிறது. யூரோப்பியத்துக்கு 2,500 முதல் 4,000 வரை இருந்தால் நல்லது. இப்போது தேர்பியத்தைப் பாருங்கள்: அதன் ⁵டி₄ மட்டமும் 20,500தான்! சாய்வு இல்லாத பீலியில் தண்ணீர் ஓடுமா? கொடுத்த சக்தி வந்த வழியே இணையிக்குத் திரும்பி, வெப்பமாகப் போய்விடும். தேர்பியத்துக்குக் குறைந்தது 1,850 செ.மீ⁻¹ இடைவெளி வேண்டும் என்பது புழக்கத்தில் உள்ள விதி. அறை வெப்பநிலையில் அதற்கும் மேலே வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

ஆக, தேர்பியத்துக்கு டிடிஏயை விடுங்கள். டைபென்சோயில்மீதேனும் ஏறத்தாழ அதே உயரம், அதுவும் உதவாது. அசற்றைல்அசற்றோனின் மும்மை நிலை 25,300 அளவில் இருக்கிறது. 1990இல் கிடோ குழுவினர் முதன்முதலில் மின்னொளிர்வு எடுத்ததும் தேர்பியம்–அசற்றைல்அசற்றோன் சேர்வையில்தான். டிரைபுளோரோஅசற்றைல்அசற்றோனும் சரிவரும். இரண்டாவது இணையியாகப் பெனந்த்ரோலினைப் போடுவதில் ஒரு சிறு பிடி உண்டு. அதன் மும்மை நிலை 22,100 அளவில், தேர்பியத்துக்கு மேலே 1,600தான். ஒளிரும், ஆனால் சூடாகச் சூடாக மங்கும். டிரைபீனைல்பொஸ்பீன் ஒட்சைட்டு இரண்டு மூலக்கூறு போடுவது மேல்.

சக்தி திரும்புகிறதா என்று பார்க்க எளிய சோதனை: கண்ணாடிக் குழாயில் தூளை எடுத்து, டோர்ச்சை அடித்தபடியே திரவ நைதரசனில் இறக்குங்கள். பச்சை சட்டென்று கூடினால் காரணம் அதுதான்.

புது இணையி செய்கிறீர்கள் என்றால் அதன் மும்மை நிலையை அளந்துவிட்டு மேலே போங்கள். அதே இணையியோடு கடோலினியம் சேர்வை செய்யவும். கடோலினியத்தின் முதல் அருட்டிய மட்டம் 32,000 செ.மீ⁻¹க்கு மேலே இருப்பதால் இணையி அதற்குச் சக்தி கொடுக்க முடியாது, மும்மை நிலையிலிருந்து வரும் தன் பொஸ்பொரொளிர்வையே காட்டும். எதனோல்–மெதனோல் கலவையில் கரைத்து 77 கெல்வினில் உறையவைத்து, 0.1 மில்லிசெக்கன் தாமதம் வைத்து நிறமாலை எடுங்கள். குறைந்த அலைநீளப் பக்கம் உள்ள முதல் முகடுதான் உங்கள் எண். 488 நனோமீற்றரில் வந்தால் 1,00,00,000ஐ 488ஆல் வகுங்கள்: 20,490.

ஊவா_படிகம்:

கரையாத தூள் பற்றி. அது பெரும்பாலும் ஐதரொட்சைட்டு கலந்த தூள். டோர்ச்சில் அதுவும் சிவப்பாகத்தான் தெரியும், அதனால் கண்ணை நம்பக்கூடாது. சிட்டிகை தூளை டைக்குளோரோமீதேனில் போடுங்கள். தெளிவாகக் கரைந்தால் சரி. கலங்கினால் மீந்த உப்பு அல்லது ஐதரொட்சைட்டு. தண்ணீரில் கழுவி உலர்த்திய பிறகும் கலங்கினால் ஐதரொட்சைட்டேதான்.

1 மில்லிமூலுக்கான அளவுகள்: டிடிஏ 0.667 கிராம், பெனந்த்ரோலின் ஒற்றைநீரேற்று 0.198 கிராம், இரண்டையும் 20 மில்லிலீற்றர் எதனோலில் 60 பாகையில் கரைக்கவும். 1 மோலர் சோடியம் ஐதரொட்சைட்டு 3 மில்லிலீற்றர், துளித்துளியாக. யூரோப்பியம் குளோரைட்டு அறுநீரேற்று 0.366 கிராமை 5 மில்லிலீற்றர் எதனோலில் கரைத்துக் கடைசியாக, மெதுவாக விடவும். வரிசையை மாற்றி, உலோகம் இருக்கும் முகவையில் காரத்தை ஊற்றினால் துளி விழும் இடத்தில் பிஎச் ஏறி ஐதரொட்சைட்டு அங்கேயே விழுந்துவிடும், பிறகு எவ்வளவு கலக்கினாலும் முழுக்கத் திரும்பி வராது. முடிவில் பிஎச் 6க்கும் 7க்கும் இடையில். இரண்டு மணி நேரம் கலக்கி, ஆறவிட்டு வடித்து, முதலில் தண்ணீரால் (சோடியம் குளோரைட்டு போக), பிறகு குளிர்ந்த எதனோலால் சிறிதளவு கழுவி, 60 பாகையில் வெற்றிடத்தில் உலர்த்தவும். முழு விளைச்சல் 0.996 கிராம். ஓலெட்டுக்கு என்றால் கட்டாயம் மீள்பளிங்காக்கவும். டைக்குளோரோமீதேனில் கரைத்து மேலே ஹெக்சேனை மெதுவாக விட்டு இரவு முழுக்க அசையாமல் வைத்தால் போதும்.

மலைப் பக்கத்தில் கவனிக்க வேண்டியது யூரோப்பியம் குளோரைட்டின் போத்தல். அது ஈரத்தை இழுக்கும் உப்பு. திறந்து மூடித் திறந்து மூடி ஒரு மழைக்காலம் போனால், நீங்கள் நிறுக்கும் 0.366 கிராமில் எவ்வளவு உப்பு, எவ்வளவு தண்ணீர் என்றே தெரியாது. உலோகம் குறைந்து காரமும் டிடிஏயும் மிஞ்சினால் நாலு டிடிஏ ஏறிய எதிரயன் சேர்வை உருவாகலாம். தொகுதிக்குத் தொகுதி வேறுபாடு வருவதற்கு இது முக்கிய காரணம். உப்பை நிறுத்து நம்புவதைவிடக் கரைசலாக்கி, ஹெக்சமின் தாங்கல் கரைசலில் பிஎச் 5.5–6இல் சைலினோல் ஒரேஞ்சு காட்டியோடு ஈடிடிஏயால் நியமிப்புச் செய்துவிடுங்கள். அரை மணி நேர வேலை.

காரத்துக்குப் பதிலாக டிரைஎதைல்அமீன் போடுபவர்கள் அளவை மீறக்கூடாது, நாலிணையிச் சேர்வைதான் கிடைக்கும். (டைபென்சோயில்மீதேனோடு வரும் அந்த டிரைஎதைல்அமோனியம் உப்பை இருட்டில் கரண்டியால் நசுக்கினால் மின்னும். வேடிக்கைக்கு நல்லது, ஓலெட்டுக்கு அல்ல.)

டிடிஏயின் உருகுநிலை 42 பாகை அளவுதான். உலர்த்தும் அடுப்புக்குப் பக்கத்தில் போத்தலை வைக்க வேண்டாம்.

சரிபார்க்க மூலகப் பகுப்பு: காபன் 43.4, ஐதரசன் 2.0, நைதரசன் 2.8 வீதம். நைதரசன் குறைவாக வந்தால் பெனந்த்ரோலின் முழுக்க ஏறவில்லை, அந்த இடத்தில் தண்ணீர் உட்கார்ந்திருக்கிறது.

லிந்துலை_படலம்:

வெள்ளை பூப்பது வேதியியல் கோளாறு அல்ல, காலநிலைக் கோளாறு. டிஎச்எஃப் 66 பாகையில் கொதிக்கிற கரைப்பான். சுழலும்போது வேகமாக ஆவியாகிப் படலத்தைக் குளிர வைக்கிறது. அறை 22 பாகை, ஈரப்பதன் 85 வீதம் என்றால் பனிபடுநிலை 19.4 பாகை. அதாவது படலம் மூன்று பாகை குளிர்ந்தாலே காற்றிலுள்ள நீர் அதன்மேல் துளியாகப் படிந்து, பொலிமரைத் துளைத்துளையாக்கிவிடும். குளோரோபோமும் டைக்குளோரோமீதேனும் இன்னும் மோசம். நுவரெலியாப் பக்கம் மூடுபனி நேரத்தில் இதைச் செய்யவே வேண்டாம்.

பிஎம்எம்ஏக்கு அனிசோல் அல்லது தொலுயீன் எடுங்கள், பிவிகேக்குக் குளோரோபென்சீன் (கொதிநிலை 132). ஸ்பின் கோட்டரை ஒரு பேர்ஸ்பெக்ஸ் பெட்டியால் மூடி உலர் நைதரசனை மெதுவாக விடுங்கள். உள்ளே ஒரு ஈரப்பதன்மானி. 40 வீதத்துக்குக் கீழே வந்த பிறகே கண்ணாடியை வைக்க வேண்டும்.

ஈரம் படலத்தின் தோற்றத்தை மட்டும் கெடுப்பதில்லை. ஓ–எச் பிணைப்பின் அதிர்வு 3,400 செ.மீ⁻¹ அளவில். யூரோப்பியத்தின் ⁵டி₀க்கும் அதற்குக் கீழே உள்ள மட்டத்துக்கும் இடைவெளி 12,300 அளவு. மூன்று நாலு அதிர்வுகளால் அந்தச் சக்தியை விழுங்கிவிடலாம். தேர்பியத்தில் இடைவெளி 14,800 அளவு, அதனால் அது தண்ணீரைக் கொஞ்சம் கூடத் தாங்கும். டிடிஏயோடு இரண்டு நீர் மூலக்கூறு உள்ள யூரோப்பியம் சேர்வையின் ஆயுட்காலம் (அருட்டிய நிலை நீடிக்கும் நேரம்) 0.26 மில்லிசெக்கன்தான், நீரைப் பெனந்த்ரோலின் வெளியேற்றினால் 1 மில்லிசெக்கனை நெருங்கும்.

இனி நீலம். அது பிவிகேயின் காலல், 410 நனோமீற்றர் அளவில். டிடிஏயின் உறிஞ்சல் 340இல் உச்சம், 390இல் வால் முடிகிறது. ஆகவே பிவிகேயிலிருந்து சக்தி நேரடியாகக் கடப்பது குறைவு. சிவப்பு வருவது பெரும்பாலும் மின்னேற்றங்கள் யூரோப்பியம் சேர்வையிலேயே சிக்கிச் சேர்வதால். மின்னழுத்தம் ஏறும்போது என்ன நடக்கிறது? இரிடியம் சேர்வைகளின் ஆயுட்காலம் ஒன்றிரண்டு மைக்ரோசெக்கன். யூரோப்பியத்துடையது அதைப் போல ஐந்நூறு மடங்கு. ஒரு மூலக்கூறு ஒளிர்ந்து முடிக்கும் முன் அடுத்த ஏற்றம் வந்து நிற்கிறது. இருக்கிற யூரோப்பியம் எல்லாம் அருட்டிய நிலையில் நிரம்பிவிட்டால் மிச்சம் பிவிகேயில் சேர்ந்து நீலமாக வெளியேறும், இல்லாவிட்டால் மும்மை நிலைகள் ஒன்றையொன்று அழிக்கும். இது பொருளின் இயல்பு. சுத்தம் செய்து தீர்க்க முடியாது, குறைக்கத்தான் முடியும்.

முதலில் இதைச் செய்யுங்கள்: மின்சாரம் இல்லாமல் அதே படலத்தை 340 நனோமீற்றரால் அருட்டி நிறமாலை எடுங்கள். அதிலும் நீலம் தூக்கலாக இருந்தால் சக்தி கடப்பதில் குறை, அல்லது சேர்வை தனியாகப் பிரிந்து திரண்டிருக்கிறது. அதில் சிவப்பு மட்டும் இருந்து ஓலெட்டில் நீலம் வந்தால் ஏற்றச் சமநிலையில் குறை. அப்போது ஒளிர்படலத்துக்கும் லித்தியம் புளோரைட்டுக்கும் இடையில் டிபிபிஐ (துளைகளைத் தடுத்து இலத்திரன் கடத்தும் பொருள்) 30 நனோமீற்றர் போடுங்கள். துளைகள் (நேரேற்றங்கள்) அலுமினியத்துக்கு ஓடிப்போவது நிற்கும், குறைந்த மின்னழுத்தத்திலேயே பிரகாசம் வரும். பிபிடிக்குப் பதில் ஓஎக்ஸ்டி-7 என்ற இலத்திரன் கடத்தி போடுவதும் நல்லது. பிபிடி படலத்துக்குள்ளேயே பளிங்காகிவிடும் குணமுடையது.

மற்ற அளவுகள்: ஐடிஓவைச் சவர்க்காரக் கரைசல், தண்ணீர், அசற்றோன், ஐசோபுறொப்பனோல் என்ற வரிசையில் ஒவ்வொன்றிலும் 15 நிமிடம் அல்ட்ராசொனிக்கில் கழுவி, 15 நிமிடம் யூவி–ஓசோன். பெடாட்டை 0.45 மைக்ரோன் வடியால் வடித்து நிமிடத்துக்கு 4,000 சுற்றில் பூசி, 150 பாகையில் 15 நிமிடம் உலர்த்தவும். ஆறியதும் உடனே அடுத்த படலம். மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணிக்குப் போனால் அது ஈரத்தைக் குடித்துவிடும். பெடாட் கடும் அமிலம், பிஎச் 1–2. ஈரம் சேர்ந்தால் எல்லையில் டிடிஏயைப் புரோத்தனேற்றிக் கழற்றிவிடக்கூடும். ஒளிர்படலத்துக்கு மொத்தம் 10–15 மில்லிகிராம் ஒரு மில்லிலீற்றருக்கு, 2,000 சுற்று, பிறகு நைதரசனில் 80 பாகை 30 நிமிடம். லித்தியம் புளோரைட்டு 1 நனோமீற்றரைத் தாண்டக்கூடாது, அது மின்காவலி. அலுமினியம் 100.

புசல்லாவ_07:

இடையில் ஒரு கேள்வி. புல்மோட்டை மணலில் மொனசைட்டு இருக்கிறதே, அதிலிருந்து யூரோப்பியத்தைப் பிரித்தெடுத்து உள்ளூரிலேயே இதைச் செய்ய முடியாதா?

ஊவா_படிகம்:

மொனசைட்டில் சீரியம், லந்தனம், நியோடைமியம்தான் பெரும்பங்கு. யூரோப்பியம் மிகச் சொற்பம், கூடவே தோரியம் இருப்பதால் கதிரியக்கக் கழிவு வேறு. ஆய்வுக்குத் தேவைப்படுவது சில கிராம். 99.9 வீத யூரோப்பியம் ஒட்சைட்டு வாங்கி, சூடான ஐதரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து ஆவியாக்கிக் குளோரைட்டாக்கினால் போத்தல் ஈரம் பிடிக்கும் தொல்லையும் போய்விடும். ஒட்சைட்டு ஈரத்தை அந்த அளவுக்கு இழுக்காது.

கலஹா_சாரல்:

மிக்க நன்றி. டைக்குளோரோமீதேன் சோதனையில் அந்தத் தொகுதி கலங்கியது, கழுவிய பிறகும். திரும்பச் செய்கிறோம். 340 நனோமீற்றர் அருட்டலில் படலம் சுத்தச் சிவப்பு, ஆகவே டிபிபிஐ போட்டுப் பார்க்க வேண்டும். ஆயுட்காலம் அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. ஒசிலோஸ்கோப்பை வைத்துச் சமாளிக்கலாமா? இன்னொன்று: ஓலெட்டை விட்டுவிட்டு யூவி எல்இடியின் மேலே இந்தச் சேர்வையைப் பூசினால் சுலபமாக முடியாதா என்று எங்கள் சேர் கேட்கிறார்.

ஹந்தானை_மேகம்:

தாராளமாக அளக்கலாம். மில்லிசெக்கன் என்பது மின்னணுவியலுக்கு மிக மெதுவான வேகம். 365 நனோமீற்றர் எல்இடியைச் சைகைப் பிறப்பாக்கியால் 100 ஹேர்ட்ஸில் ஓட்டுங்கள்: 1 மில்லிசெக்கன் எரிய, 9 மில்லிசெக்கன் அணைய. மாதிரிக்கு 90 பாகைக் கோணத்தில் 600 நனோமீற்றருக்கு மேலே மட்டும் விடும் சிவப்பு வடிகட்டி, அதற்குப் பின்னால் சிலிக்கன் போட்டோடயோட். முக்கியமாக, ஒசிலோஸ்கோப்பின் 1 மெகாஓம் உள்ளீட்டில் நேரே செருக வேண்டாம். வயரின் கொள்ளளவமும் டயோட்டின் கொள்ளளவமும் சேர்ந்து 200 பிக்கோபரட் என்றால் சுற்றின் நேரமாறிலியே 0.2 மில்லிசெக்கன், நீரேறிய சேர்வையின் ஆயுட்காலத்தோடு அது குழம்பிவிடும். 10 கிலோஓம் தடையைக் குறுக்கே போட்டால் 2 மைக்ரோசெக்கனாக இறங்கும். சைகை சிறுக்கும், ஆனால் 256 தடவை சராசரி எடுத்தால் துலங்கும். வெறும் கண்ணாடியை வைத்து ஒருமுறை அளந்து கழித்துக்கொள்ளவும், எல்இடியின் பின்னொளி அதில் தெரியும்.

மடக்கைத் தாளில் நேர்கோடு வந்தால் ஒரே வகை யூரோப்பியம். வளைந்தால் இரண்டு வகை: ஒன்று நீரோடு, ஒன்று நீரில்லாமல். நிறமாலையிலும் இதைப் பார்க்கலாம். ⁵டி₀இலிருந்து ⁷எஃப்₀க்குப் போகும் 580 நனோமீற்றர் கோடு பிளக்க முடியாதது, இரண்டு மட்டங்களிலும் ஜே (மொத்தக் கோண உந்த எண்) பூச்சியம். அங்கே இரண்டு முகடு கண்டால் இரண்டு சூழல் இருக்கிறது என்று அர்த்தம்; இதற்குக் கருவியின் பிரிகை 0.5 நனோமீற்றராவது வேண்டும். 613, 592 நனோமீற்றர் கோடுகளின் பரப்பு விகிதத்தையும் குறித்து வையுங்கள். இந்த வகைச் சேர்வைகளில் 10ஐ ஒட்டியோ அதற்கு மேலேயோ வரும். 3, 4 என்று விழுந்தால் இணையிகள் கழன்றிருக்கின்றன.

எல்இடி பூச்சு பற்றிச் சேர் கேட்டது நியாயம். திறந்த மேசையில் வேலை செய்பவர்களுக்கு ஓலெட்டைவிட அதுதான் பொருந்தும். அங்கே 1 மில்லிசெக்கன் ஆயுட்காலம் பெரிய தடையும் இல்லை.

லிந்துலை_படலம்:

பொருந்தும்தான், ஆனால் சுலபம் என்று சொல்லமாட்டேன். டிடிஏ சேர்வைகள் யூவியில் வெளுக்கும். 365 எல்இடியின் மேலே நேரே பூசினால் ஒளியும் சூடும் சேர்ந்து வேகமாக அரிக்கும். 395 எல்இடி எடுத்தால் வெளுப்பது குறையும், ஆனால் அங்கே டிடிஏ உறிஞ்சுவதே அற்பம். படலத்தைத் தடிப்பாக்க வேண்டிவரும். சிப்பிலிருந்து சில மில்லிமீற்றர் தள்ளித் தனித் தகடாகப் பிஎம்எம்ஏயில் வார்த்து வையுங்கள்.

பொதிக்க எப்பொக்சி வேண்டாம், அமீன் கடினமாக்கி டிடிஏயோடு தாக்கம் புரியும். பிளாட்டினத்தால் இறுகும் சிலிக்கோனும் நைதரசன், கந்தகச் சேர்வைகள் பட்டால் இறுகாமல் ஒட்டும் நிலையிலேயே நின்றுவிடக்கூடும். முதலில் ஒரு துளியில் சோதித்துப் பாருங்கள். 

ஓலெட்தான் வேண்டும், பிரகாசம் விழாமல் வேண்டும் என்றால் மூன்று நேரேற்றச் சீரியத்தையும் இரண்டு நேரேற்ற யூரோப்பியத்தையும் பற்றிப் படியுங்கள். அவை டி–எஃப் தாண்டல்கள், தடைபட்டவை அல்ல. சீரியத்தின் ஆயுட்காலம் நனோசெக்கன் கணக்கில், ஆகவே மேலே சொன்ன நெரிசலே வராது. ஆனால் அவற்றுக்கு ஒட்சிசனும் ஈரமும் ஆகவே ஆகாது, குளோவ் பொக்ஸ் இல்லாமல் தொடக்கூட முடியாது. உங்கள் மேசைக்கு இப்போதைக்கு யூரோப்பியம்–டிடிஏயே சரி. மின்னழுத்தத்தைக் கூட்டிப் பிரகாசம் தேட வேண்டாம். சதுர சென்ரிமீற்றருக்கு 1 மில்லிஅம்பியர், 10 மில்லிஅம்பியர் என இரண்டு இடத்தில் நிறமாலை எடுத்து, நீலம்–சிவப்பு விகிதம் எப்படி மாறுகிறது என்று ஆய்வறிக்கையில் காட்டுங்கள். டிபிபிஐ போட்டதற்கும் போடாததற்கும் தனித்தனியாக எடுங்கள்.